பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது: எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்?

பாம்பன்_அலை (கேள்வி)

அக்கா, தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு பிள்ளைகளோட சாப்பாடு பற்றிக் கேட்கணும். விவரத்தை முதல்லயே முழுசா எழுதிடுறேன்.

மகனுக்கு 8 வயது. அரசுப் பள்ளியில மூணாம் வகுப்பு. உயரம் 124 செ.மீ., எடை 21 கிலோ. காலையில 7 மணிக்கு பால் டீயும் ரெண்டு பிஸ்கட்டும். 7.30-க்கு ஒரே ஒரு இட்லி, அதுவும் ஊட்டினாத்தான். சாயங்காலம் 4 மணிக்கு வந்ததும் கடைப் பாக்கெட், திரும்ப ஒரு டீ. ராத்திரி 9.30-க்கு மீன் இருந்தா கொஞ்சம் சோறு இறங்கும், இல்லைன்னா அதுவும் இல்லை. காய் வச்சா தட்டைத் தள்ளிருவான்.

மகளுக்கு 11 வயது, அரசு உயர்நிலைப் பள்ளியில ஆறாம் வகுப்பு. பள்ளியில ரத்தம் பார்த்ததுல ஹீமோகுளோபின் 11.2. காலையில வெறும் டீயோட கிளம்பிடுவா. மதியம் கட்டிக் கொடுக்கிற டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். பச்சரிசியை அள்ளி வாயில போட்டுக்கிற பழக்கமும் இருக்கு.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல்பாசி எடுக்கப் போற நாள்கள்ல விடியுமுன்னே கிளம்பணும், மாமியார்தான் பிள்ளைகளைப் பார்த்துக்குவாங்க. "புள்ள வத்திப் போயிட்டான்"னு அவங்களுக்குத் தினமும் கவலை. இந்த எடை உண்மையிலேயே குறைவா? கட்டாயப்படுத்தி ஊட்டலாமா, விட்டுடலாமா? டப்பாவுக்கு என்ன கட்டினா கெடாம இருக்கும்?

சத்துணவுக்கூடம்_30 (பதில் 1)

தங்கச்சி, மகன் விஷயத்துல கணக்கில் ஒரு பெரிய விடுதல் இருக்கு. காலை ஒரு இட்லி, ராத்திரி கொஞ்சம் சோறு என்று வீட்டில் நடப்பதை மட்டும்தான் எழுதியிருக்கீங்க. அரசுப் பள்ளியில் மூணாம் வகுப்பு என்றால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அவனுக்குத் தட்டு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாக, கூடவே சாம்பார். ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், பருப்பு 15 கிராம் கணக்கு. 7.30-க்கு வீட்டில் இட்லியை ஊட்டி அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்குள் பள்ளியில் பொங்கல் காத்திருக்கு. பசியில்லாத வயிற்றில் இட்லியைத் திணிக்கிறோம், "ஒண்ணுதான் தின்னான்" என்கிறோம்.

மதியச் சத்துணவுக்கு அரிசி 100 கிராம், வாரம் ஐந்து நாளும் முட்டை. புரதத்தை மட்டும் கூட்டிப் பாருங்க. காலைப் பொங்கலில் அரிசியும் பருப்பும் சேர்ந்து 7 கிராம். மதியம் சோற்றில் பாதியை விட்டாலும் அதில் 4, முட்டையில் 6. ராத்திரி 50 கிராம் மீன் சதை என்றால் 9. மொத்தம் 26. ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வகுத்த அளவு ஒரு நாளைக்கு 23 கிராம். பள்ளியில் தட்டைக் காலி செய்கிறான் என்றால் "எதுவுமே உள்ளே போகலை" என்ற பயத்துக்கு இடமில்லை.

செய்கிறானா என்பதுதான் கேள்வி. பையனிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டால் "ஆமா" என்றுதான் வரும். "இன்னைக்கு சாம்பார்ல என்ன காய், முட்டையில மிளகு போட்டிருந்தாங்களா"ன்னு கேளுங்க, உண்மை வரும். வாரம் ஒருமுறை சமையல் பொறுப்பாளரிடமும் கேட்டுக்கோங்க. மூணு நாள் ஒரு நோட்டில் வாய்க்குள் போனதை எல்லாம் எழுதுங்க: டீ, பிஸ்கட், பாக்கெட், பக்கத்து வீட்டில் கொடுத்த பணியாரம் வரைக்கும். பள்ளி நாள் ரெண்டு, ஞாயிறு ஒண்ணு இருக்கணும். ஞாயிற்றுக்கிழமைதான் நிஜமான ஓட்டையைக் காட்டும்.

இன்னொன்று. முட்டை மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்தால் கெட்ட முட்டை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறார்கள், அதுங்க அதன்பிறகு தொடுவதே இல்லை. அதிக நேரம் வெந்ததால் வெள்ளைக் கருவில் உள்ள கந்தகமும் மஞ்சளில் உள்ள இரும்பும் சேர்ந்து வருகிற நிறம் அது. பயப்படாமல் தின்னலாம். நாற்றம் அடித்தால் மட்டும் வேண்டாம்.

மகள் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. தோழிகள் டப்பா கொண்டுவருகிறார்கள் என்று இவளும் கொண்டுபோகலாம், தப்பில்லை. சத்துணவுப் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டால் முட்டை அங்கேயே கிடைக்கும். அதை விடாதீங்க.

உணவியல்_தேவிபட்டினம் (பதில் 2)

எடைக் கேள்விக்கு முதலில். கண்ணால் பார்த்து "வத்திட்டான்" என்று சொல்வது நம்பக்கூடிய அளவை இல்லை. அது ரெண்டு பக்கமும் தவறும்: சரியாக இருக்கிற ஒல்லிப் பிள்ளையைப் பார்த்து அழுகிறோம், கூடுதல் எடையுள்ள பிள்ளையைப் பார்த்து "நல்லா இருக்கான்" என்கிறோம். எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் ரெண்டு முறை வகுங்கள்: 21 ÷ 1.24 ÷ 1.24 = 13.7. எட்டு வயது ஆண் பிள்ளைக்கு உலகச் சுகாதார நிறுவன அட்டவணையில் நடு அளவு 15.7. மெலிவு என்று சொல்வது 13.3-க்குக் கீழே. உங்கள் மகன் ஒல்லி, ஆனால் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறான். இப்போதைக்கு மருந்து, டானிக் எதுவும் வேண்டாம். கவனிப்பு வேண்டும்.

இந்த வயதில் வருஷத்துக்கு ரெண்டிலிருந்து மூணு கிலோ எடையும் ஐந்து, ஆறு செ.மீ. உயரமும் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சிறுநீர் கழித்தபின், லேசான துணியில் எடை பாருங்கள். உயரம் மூணு மாதத்துக்கு ஒருமுறை போதும்: குதிகாலும் முதுகும் சுவரில் படணும், தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு ஒட்டி மட்டமாக வைத்துக் கோடு போடுங்கள். வெறும் கையை வைத்துக் கோடு போட்டால் ஒவ்வொரு முறையும் ஒண்ணு, ரெண்டு செ.மீ. தப்பும். ஆறு மாதம் எடை அசையவில்லை, அல்லது குறைகிறது, அடிக்கடி காய்ச்சல், வயிற்று வலியால் ராத்திரி எழுகிறான் என்றால் அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு அதிகக் கவலை மகள் பற்றித்தான். அவள் கேட்டு அழுவதில்லை, தட்டைத் தள்ளுவதில்லை, அதனால் வீட்டில் யார் கண்ணும் அவள்மேல் விழவில்லை. ஐந்திலிருந்து பதினொரு வயதுவரை 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 11.2 லேசான நிலை. பச்சரிசி தின்னுவது, சாக்பீஸ், மண் மேல் ஆசை வருவது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருகிற பழக்கம். அரட்டி நிறுத்த முடியாது, இரும்பு ஏறினால் பெரும்பாலும் தானே போகும். 10 முதல் 12 வயதுப் பையனுக்கு நாளைக்கு 16 மி.கி. இரும்பு போதும், அதே வயதுப் பெண்ணுக்கு 28 மி.கி. வேண்டும். நம் வீடுகளில் நடு மீன் துண்டு யாருக்குப் போகிறது என்று நீங்களே பாருங்கள்.

ஆனால் மீனே ரத்தம் ஊறவைக்கும் என்று நம்ப வேண்டாம். மீனில் புரதம் அபாரம், இரும்பு குறைவு. ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கம்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, இவற்றில்தான் இருக்கிறது. கம்பு 100 கிராமில் 6.4 மி.கி., கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை மி.கி. அளவில். செடியிலிருந்து வரும் இரும்பு உடம்பில் ஏற எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூட வேண்டும். கீரையை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும், அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி போய்விடும். டீ எதிர்ப்பக்கம் இழுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ கூடாது. காலையில் டீயை மட்டும் குடித்துப் போகிற பிள்ளைக்கு ரெண்டு நஷ்டம்: பசி அடங்கிவிடும், அடுத்து எது தின்றாலும் இரும்பு சரியாக ஏறாது.

பள்ளியில் வாரம் ஒரு இரும்பு மாத்திரை தருகிறார்கள்: ஆறாம் வகுப்பிலிருந்து நீல நிறம், 60 மி.கி.; சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு, 45 மி.கி. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், அதனால்தான் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயமில்லை. 11.2-க்கு வார மாத்திரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் எடைக்குத் தகுந்த தினசரி அளவு தருவார்கள். கூடவே குடற்புழு மாத்திரை, அல்பெண்டசோல் 400 மி.கி., பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுப்பதை ரெண்டு பிள்ளைகளும் மென்று தின்றதை உறுதி செய்யுங்கள். செருப்பில்லாமல் மணலில் நடக்கிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாகவே ஏறும்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீங்க. வேண்டாம். எத்தனை முறை சோதித்துப் பார்த்தாலும் "முடி, முடி" என்று நெருக்கப்பட்ட பிள்ளை குறைவாகத்தான் தின்கிறது, அந்த உணவின் மேல் வெறுப்பும் வளர்கிறது. எது, எப்போது என்பது உங்கள் கையில். எவ்வளவு என்பது அவன் கையில். எட்டு வயதில் ஊட்டுவதையும் நிறுத்துங்கள். காய் என்றால் நகக்கண் அளவு, அவனுக்குப் பிடித்த மீனுக்குப் பக்கத்தில், ஒரு வார்த்தை பேசாமல். பத்து, பதினைந்து முறை வைத்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். மூணாம் நாளே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு.

கீழக்கரை_அடுப்படி (பதில் 3)

சாப்பாட்டு நேரத்தை மாத்தாம மத்த எதைச் செஞ்சாலும் பலிக்காதும்மா. ராத்திரி 9.30-க்குச் சாப்பிட்டுப் படுத்தா காலை ஏழுக்குப் பசி எங்கேர்ந்து வரும்? 7.30, தள்ளிப்போனா 8-க்குள்ள ராச்சாப்பாட்டை முடிங்க. ஒரே நாள்ல ரெண்டு மணி நேரம் முன்னே இழுக்க முடியாது, மூணு நாளைக்கு ஒருக்கா கால் மணி நேரம் முன்னே கொண்டுவாங்க. மூணு, நாலு வாரத்துல காலைப் பசி தானா வரும்.

அதுக்கு 4 மணிப் பாக்கெட்டை மாத்தியாகணும். 25 கிராம் சிப்ஸ்ல 130 கலோரிக்கு மேல இருக்கு, பிஸ்கட்டும் சர்க்கரை டீயும் சேர்ந்தா முந்நூறைத் தாண்டும். அந்த வயசுப் பிள்ளைக்கு முழு நாளைக்கே 1700 கலோரிதான். அதுல ஆறுல ஒரு பங்கை அரை மணியில தின்னுட்டு ராத்திரி சோறு வேண்டாங்குது. பள்ளிக்கூட வாசல்லேர்ந்து 50 மீட்டருக்குள்ள இந்த மாதிரி எண்ணெய், சர்க்கரை, உப்புச் சாமான் விக்கக் கூடாதுன்னு 2020-லயே விதி வந்திருக்கு, பெற்றோர் கூட்டத்துல எடுத்துச் சொல்லுங்க. ஒரேயடியாப் பூட்டி வச்சாலும் ஆசை ரெட்டிப்பாகும். ஞாயிறு ஒரு நாள்னு முடிவு பண்ணி, அன்னைக்கு முணுமுணுக்காம வாங்கிக் கொடுங்க. மத்த நாள்ல வந்ததும் தட்டுல சாமான் தயாரா இருக்கணும். "என்ன வேணும்"னு கேட்டா பாக்கெட்டுன்னுதான் வரும். அவிச்ச கடலை ஒரு கைப்பிடி, பனங்கிழங்கு காலத்துல ரெண்டு கிழங்கு, கேழ்வரகு அடை, எள்ளுருண்டை. மாலை நாலரைக்குள்ள முடிஞ்சிரணும். கருப்பட்டி போட்டா ரத்தம் ஊறும்னு அதிகமாப் போடாதீங்க, அதுவும் இனிப்புதான்.

டப்பா விஷயம். காலை 7.30-க்கு மூடி மதியம் 12.30-க்குத் திறக்குறதுன்னா அஞ்சு மணி நேரம், நம்ம ஊர் வெக்கையில. சூடா அள்ளி உடனே மூடுறதுதான் முதல் தப்பு. ஆவி தண்ணியாகி மேலேர்ந்து சொட்டி, சோறு நசநசத்துப் புளிச்சுப் போகும். தாம்பாளத்துல பரப்பி பத்து நிமிஷம் ஆறவச்சு அடைங்க. தேங்காய் அரைச்ச குழம்பு ஆகாது. தயிர்ச்சோறுன்னா குழைய வடிச்ச ஒரு கப் சோத்துக்கு காய்ச்சி ஆறின பால் முக்கால் கப், தயிர் ஒரே ஒரு கரண்டி. மதியத்துக்குள்ள அதுவே உறைஞ்சு பக்குவமாகும். முழுக்கத் தயிர் ஊத்தினா பத்து மணிக்கே புளிக்கும், பிள்ளை மூடியைத் திறந்து பார்த்துட்டு மூடிரும்.

மீன் கட்டணும்னா திருக்கைப் புட்டு. முள் தொந்தரவு இல்லை, குருத்தெலும்புதான். அரைக் கிலோ திருக்கையை மஞ்சள், உப்பு போட்டு எட்டு, பத்து நிமிஷம் அவிங்க. தோலை உரிச்சு, குருத்தை எடுத்து, உதிர்த்து, ரெண்டு கையாலயும் பிழிஞ்சு தண்ணியை வெளியேத்துங்க. இந்தப் பிழியுறதை விட்டாத்தான் கவிச்சி அடிச்சு, பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடிக்குது, அதோட நம்ம பிள்ளை டப்பாவையே திறக்காது. சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு எட்டுப் பல், பச்சை மிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை, நல்லெண்ணெய் ரெண்டு கரண்டியில வதக்கி, மீனைக் கொட்டி சின்னத் தீயில ஏழெட்டு நிமிஷம் கிளறணும். மண்வாசம் மாதிரி வறண்ட வாசம் வந்தா இறக்கி, மிளகுத்தூள் அரைக் கரண்டி. மிளகாய்த்தூளை இதுல போடாதீங்க, நம்ம முண்டு மிளகாய்க் காரம் சின்னப் பிள்ளை வாய்க்கு ஏறாது.

டப்பா பாதி திரும்புதுன்னா டப்பா பெரிசோன்னும் பாருங்க. பெரிய ஆள் அளவுக்கு அமுக்கி வைக்கிறோம். இருபது நிமிஷத்துல தின்னு முடிச்சு, தட்டு கழுவி, விளையாடப் போகணும் அதுக்கு. முக்கால் அளவு வைங்க.

பாம்பன்_அலை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கீழக்கரை லாத்தா (அக்கா), நேரம் மாத்துறதை இன்னைக்கே ஆரம்பிக்கிறேன். ரெண்டு சந்தேகம் மட்டும். மகன் மீன் தின்பான், ஆனா முள் எடுத்துக் கொடுக்கணும், தொண்டையில குத்தும்னு பயம். அப்புறம், பள்ளி லீவு விட்டா என்ன செய்ய? பாசிக்குப் போற நாள்ல மாமியாரை இதையெல்லாம் செய்ய வைக்கிறது எப்படி?

தொண்டிக்கரை (பதில் 4)

பயம் போக பெரிய முள் மீன்ல ஆரம்பிக்கணும். விளமீன், பாறை. நடுமுள்ளோட ஓரமா விரலை ஓட்டி சதையைத் தள்ளுறதை அவன் கையாலயே ரெண்டு வாரம் செய்யட்டும். காரல், முரல் எல்லாம் அப்புறம். நெத்திலி முறுக வறுத்தா முள்ளோடயே தின்னலாம், சுண்ணாம்புச்சத்தும் அதுலதான். முள் சிக்கினா சோத்து உருண்டையை முழுங்கச் சொல்லாதீங்க, ஆழமா இறங்கிக் குத்தும். வலி நிக்கலைன்னா மருத்துவர்கிட்ட போயிடணும்.

லீவு பற்றி நல்ல கேள்வி கேட்டீங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வரும், ஆனா விலை ஏறிரும். அதே நேரத்துல பள்ளி மூடும், காலை உணவும் மதிய முட்டையும் சேர்ந்து நிக்கும். வெயில்ல பிள்ளைக்குப் பசியும் குறையும். அந்த மாதங்கள்லதான் எடை இறங்குது. மார்ச் கடைசியிலயே எடை குறிச்சு வச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு முட்டை, ஒரு கைப்பிடி முளைகட்டின பயறு, ஒரு டம்ளர் மோர், நுங்கு. கருவாடுன்னா வெந்நீர்ல கால் மணி நேரம் ஊறவச்சு, தண்ணியை ரெண்டு தடவை மாத்தி, குழம்புல உப்பே போடாம வைங்க. வாரம் ரெண்டு நாளைக்கு மேல வேண்டாம்.

தண்ணீரும் பாருங்க. கிணத்துத் தண்ணி உப்பா இருக்குன்னு பிள்ளைங்க குடிக்கிறதே இல்லை, பாட்டில் நிறைஞ்சபடி திரும்பும். மலச்சிக்கல் வந்தா பசி தன்னால போயிடும். நாளைக்கு அஞ்சாறு டம்ளர் இறங்கணும்.

உணவியல்_தேவிபட்டினம்

மாமியார் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். அவரிடம் "ஊட்டாதீங்க" என்று சொன்னால் மனம் நோகும், செய்யவும் மாட்டார். பாசி நாளில் அவருக்கு ரெண்டே வேலை சொல்லுங்கள். மகனுக்கு 7 மணி டீக்குப் பதில் ஒரு டம்ளர் தண்ணீர், அப்படியே பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும், அங்கே சாப்பாடு இருக்கிறது. மகளுக்குக் கிளம்புமுன் முதல் நாள் ராத்திரியே கரைத்து வைத்த கம்பங்கூழ் ஒரு டம்ளர், மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு. கூடவே அரை நெல்லிக்காய். காலையில் திடப் பொருள் இறங்காத பிள்ளைக்குக் குடிக்கிற சாப்பாடு இறங்கும். கூழை அவர் கையாலேயே கரைக்கச் சொல்லுங்கள், அளவும் பக்குவமும் நம்மைவிட அவருக்குத் தெரியும். மாதா மாதம் எடை பார்த்துச் சுவரில் குறிக்கிற வேலையையும் அவரிடமே கொடுங்கள். எண் ஏறுவதை அவரே பார்க்கட்டும்.

மகளுக்கு மூணு மாதம் கழித்து மறுபடி ஹீமோகுளோபின் பார்த்து இங்கேயே எழுதுங்கள் தங்கச்சி.